பரிசு போன பாதை: இஸ்தான்புல், எடிர்னே நாட்குறிப்பு

திங்கள்: கரகோய், பேரா

இஸ்தான்புல்லில் உஸ்மானிய சுல்தான்கள் வாழ்ந்த தோப்காப்பி அரண்மனைக்குப் போகிறவர்கள் நேரே கருவூலத்துக்கு ஓடி மரகதக் குத்துவாளின் முன் வரிசையில் நின்றுவிடுகிறார்கள். அங்கே பார்ப்பது பயணம் முடிந்த பரிசு. 1500, 1600களில் ஒரு நாட்டு அரசர் இன்னொருவருக்கு அனுப்பிய பொருள் எந்தத் துறையில் இறங்கியது, எங்கே பழுது பார்க்கப்பட்டது, எந்த வாசலில் நின்றது, யார் கணக்கில் ஏறியது என்று தெரிந்தபின் கருவூலத்துக்குப் போனால் கண்ணாடிக்குள் இருப்பது வேறு மாதிரி தெரியும். அதனால் இந்தக் குறிப்புகள் பரிசு போன வழியிலேயே போகின்றன. தொடக்கம் துறைமுகம்.

டி1 டிராமில் கரகோய் நிறுத்தத்தில் இறங்கினால் ஹாலிச் நீர்ப்பரப்பின் வடகரை. பழைய கலாட்டா இதுதான். இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்தின் பெயரில் வந்த தானியங்கி ஆர்கன் 1599 ஆகஸ்டில் ஹெக்டர் என்ற கப்பலில் இந்தக் கரைக்கு வந்தது. பெயர்தான் அரசியுடையது, பணம் கிழக்கு மத்தியதரைக் கடல் வணிகம் செய்த லெவண்ட் கம்பெனி என்ற ஆங்கில நிறுவனத்தின் வியாபாரிகளுடையது. சுல்தான் மூன்றாம் மெஹ்மத் 1595இல் பட்டமேறியிருந்தார். புது சுல்தான் வந்தால் வணிக உரிமைப் பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும், அதற்குப் பரிசு வேண்டும். ஆங்கிலேயர் நான்கு வருடம் தாமதித்துவிட்டார்கள். அத்தனை தாமதத்தை ஈடுகட்ட வெள்ளித் தட்டும் கம்பளித் துணியும் போதாது என்பதால்தான் இதுவரை யாரும் தராத ஒரு எந்திரத்தைத் தேர்ந்தார்கள் என்று தோன்றுகிறது.

உயரம் 16 அடி. 24 மணிநேரக் கடிகாரம், 16 மணிகள், தானாக வாசிக்கும் குழல்கள், உச்சியில் சிறகடித்துப் பாடும் பறவைகள் நிறைந்த ஒரு புதர். செய்தவர் தாமஸ் டாலம். ஒரு எந்திரக்காரர், ஒரு தச்சர், ஒரு ஓவியர் ஆகிய மூவரோடு அவரும் கூடவே அனுப்பப்பட்டார். அனுப்பியவர்களின் புத்தி அங்கேதான் தெரிகிறது. பெட்டிகளைத் திறந்தபோது ஒட்டு வேலை முழுக்க விட்டுப்போயிருந்தது, உலோகக் குழல்கள் நசுங்கியும் உடைந்தும் கிடந்தன. அந்தக் காலத்து மரவேலைக்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசைதான். ஈரமும் சூடும் சேர்ந்தால் அது இளகிவிடும். புதிதாகக் கட்டிய கப்பலின் அடித்தட்டில் ஏறக்குறைய ஆறு மாதம் அடைபட்டு, மத்தியதரைக் கடலின் கோடை வெப்பத்தைத் தாண்டி வந்த பெட்டி வேறு எப்படி இருக்கும்?

அடுத்த சிக்கல் உயரம். பேராவில் இருந்த ஆங்கிலத் தூதர் ஹென்றி லெல்லோவின் வீட்டில் 16 அடிக்கு இடங்கொடுக்கும் அறை இல்லை. முற்றத்தில் அவசரமாக ஒரு கூடம் எழுப்பி, அதற்குள் ஆர்கனை நிறுத்திப் பழுது பார்த்து, வாசித்துச் சோதித்து, மறுபடி கழற்றித் தண்ணீரைத் தாண்டி அரண்மனைக்குக் கொண்டுபோனார்கள். அரண்மனைக்குள் சுல்தான் கண்முன் பழுதான பொருள் திறக்கப்பட்டிருந்தால் நான்கு வருடத் தாமதமே தேவலை என்றாகியிருக்கும்.

கரகோயிலிருந்து 1875இல் திறந்த துனெல் சுரங்க ரயிலில் ஏறினால் சில நிமிடத்தில் பேரா மேடு. இஸ்திக்லால் தெருவிலிருந்து சரிவில் இறங்கும் சந்துகளில் ஒன்றில் வெனிஸ் மாளிகை இருக்கிறது. வெனிஸ் குடியரசின் தூதர்கள் தங்கிய இடம். இன்று இத்தாலிய அரசின் கையில். உள்ளே விட மாட்டார்கள், வாசலோடு சரி. வெனிஸ்காரர்கள் பரிசு கொடுப்பதில் எல்லாரையும்விடத் தேர்ந்தவர்கள். சுல்தானுக்குப் பட்டும் வெல்வெட்டும் ஒரு பக்கம். மறுபக்கம், காரியம் நடக்க வேண்டிய வஜீர்களுக்கும் (அமைச்சர்கள்) அவர்களுடைய எழுத்தர்களுக்கும் பியாசென்சா சீஸ் போகும். கெடாது, எடைபோட்டுப் பங்கிடலாம், லஞ்சம் என்று யாரும் விரல் நீட்டவும் முடியாது.

பல சமயம் வாங்குகிறவரே என்ன வேண்டும் என்று சொல்லிவிடுவார். 1569இல் தலைமை வஜீர் சொகொல்லு மெஹ்மத் பாஷா 900 மசூதி விளக்குகள் கேட்டார். வரைபடத்தோடு அந்தக் கேட்பு வெனிஸ் அருகிலுள்ள முரானோ தீவின் கண்ணாடிப் பட்டறைகளுக்குப் போனது. மறு வருடம் சைப்ரஸ் போர் வெடித்தது. விளக்குக் கேட்பை ஊருக்கு அனுப்பிவைத்த தூதர் மார்கந்தோனியோ பார்பரோ தன் வீட்டிலேயே காவலில் வைக்கப்பட்டார்.

நாளை செவ்வாய். தோப்காப்பிக்கு வார விடுமுறை. இது தெரியாமல் வாசல்வரை வந்து திரும்புகிறவர்கள் ஏராளம்.

செவ்வாய்: செம்பர்லிதாஷ், ஆட் மெய்தானி

செம்பர்லிதாஷ் டிராம் நிறுத்தத்தில் இறங்கினால் அதிக் அலி பாஷா மசூதி. அதற்கு எதிரே எல்ச்சி ஹானி இருந்தது. எல்ச்சி என்றால் தூதர். வியன்னாவிலிருந்து வந்த, ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் தூதர்களை இந்தச் சத்திரத்தில்தான் தங்கவைப்பார்கள். கட்டடம் இன்று இல்லை. இருந்தாலும் நின்று பார்க்க வேண்டிய இடம், ஏனென்றால் பரிசுக்கும் கப்பத்துக்கும் நடுவிலான கோடு அழிந்துபோன இடம் இது.

1547 உடன்படிக்கைப்படி ஹாப்ஸ்பர்க் அரசர் ஆண்டுக்கு 30,000 தங்க டக்கட் அனுப்ப வேண்டும். வியன்னாவின் ஏட்டில் அது மரியாதைப் பரிசு, இஸ்தான்புல்லின் ஏட்டில் வரி. இந்தக் கசப்பை இனிப்பாக்கத்தான் கூடவே வெள்ளிப் பாத்திரங்களும் தென் ஜெர்மனியில் செய்த கடிகாரங்களும் வந்தன. சாதாரணக் கடிகாரம் இல்லை. மணி அடித்தால் பொம்மைகள் நகரும், தலையாட்டும், குதிரை ஓடும்.

டான்யூபில் படகிலும் அதன்பின் சாலையில் வண்டியிலுமாக வந்து சேரும் கடிகாரத்துக்கு வழியில் வரும் கேடு குலுக்கல். சேர்ந்தபின் வரும் கேடு, பழுது பார்க்க ஆள் இல்லாதது. அதனால் பரிசு ஊர்வலத்தோடு ஒரு கடிகாரக்காரரும் வருவார். இந்த ஏற்பாட்டில் கொடுப்பவருக்கு ஒரு லாபமும் உண்டு. பட்டுத் துணியை ஒருமுறை கொடுத்தால் கதை முடிந்தது. கடிகாரத்துக்குச் சாவி, எண்ணெய், உதிரிப் பாகம், கைப்பக்குவம் எல்லாம் வேண்டும், எல்லாம் கொடுத்தவரிடமே இருக்கிறது. பணம் தாமதமானாலோ எல்லையில் சண்டை மூண்டாலோ தூதர் இந்தச் சத்திரத்திலேயே அடைபடுவார். 1550களில் வந்த பூஸ்பெக் அப்படிப் பல காலம் உள்ளேயே கிடந்தவர்.

ஆண்டுக் கட்டு 1606இல் சித்வாதொரொக் உடன்படிக்கையில் ஒரேயடியாக 2,00,000 ஃபுளோரின் கொடுத்து முடிக்கப்பட்டது.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் ஆட் மெய்தானி, பழைய குதிரைத் திடல். மேற்கு ஓரத்தில் இப்ராஹிம் பாஷா அரண்மனை, இப்போது துருக்கிய, இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம். கம்பளத் தொகுப்பு உலகப் புகழ் பெற்றது, அதற்கே அரை நாள் வேண்டும். இங்கே நம் வேலை வீட்டுக்காரரிடம். சுல்தான் சுலைமானின் தலைமை வஜீர் இப்ராஹிம், 1532இல் வெனிஸ் பொற்கொல்லர்கள் செய்த நான்கடுக்குக் கிரீடம் பதித்த தலைக்கவசம் ஒன்றை சுல்தானுக்கு வாங்க ஏற்பாடு செய்தார். விலை ஒரு லட்சம் டக்கட்டுக்கு மேல். உஸ்மானிய சுல்தான்கள் கிரீடம் வைப்பதில்லை. அதைக் காட்டவேண்டிய ஆட்கள் ஹாப்ஸ்பர்க் தூதர்கள். போப்பின் மூன்றடுக்குக் கிரீடத்தைவிட ஓர் அடுக்கு கூட என்று அவர்கள் எண்ணிப் பார்த்தால் போதும். வேலை முடிந்தபின் கவசம் காணாமல் போனது, ஒரு செதுக்குப் படம்தான் மிச்சம். இப்ராஹிமும் 1536இல் கொல்லப்பட்டார்.

இந்தத் திடலில்தான் 1582 கோடையில் இளவரசர் மெஹ்மதின் சுன்னத்து விழா 50 நாளுக்கு மேல் நடந்தது. ஆர்கனை வாங்கிக்கொண்ட அதே மெஹ்மத். எல்லா நாட்டுத் தூதர்களும் எல்லாக் கைத்தொழில் சங்கங்களும் பரிசோடு வந்தார்கள், ஒவ்வொன்றும் பெயரோடு ஏட்டில் ஏறியது. நம் ஊர் மொய் நோட்டுதான், எழுதியவர் அரண்மனைக் கணக்கர் என்பது ஒன்றே வித்தியாசம். யார் எவ்வளவு என்பது தெரிந்தால்தானே அடுத்த முறை யாருக்கு எந்த இருக்கை என்று முடிவு செய்யலாம்.

புதன்: தோப்காப்பி, முதல் இரண்டு முற்றங்கள்

திறக்கும் நேரத்துக்கே வந்துவிடுவது நல்லது. பதினொரு மணிக்கு மேல் பேருந்துக் கூட்டம் வந்துவிட்டால் வாசல்களின் அளவும் தூரமும் கண்ணில் படாது. இங்கே கவனிக்க வேண்டியதே அந்தத் தூரம்தான்.

பாபு ஹுமாயூன் வாசலைத் தாண்டினால் முதல் முற்றம்; இதுவரை தூதர் குதிரையில் வரலாம். இரண்டாம் வாசலான பாபுஸ்ஸலாமில் இறங்கிவிட வேண்டும். அதற்கு அப்பால் குதிரையில் போகும் உரிமை சுல்தானுக்கு மட்டும். வாசலிலேயே காத்திருப்பும் உண்டு.

வரவேற்பு நாள் எது என்பதை அரண்மனை முடிவு செய்யும். பெரும்பாலும் சுல்தானின் நிரந்தரக் காலாட்படையான ஜானிசரிப் படைக்குச் சம்பளம் கொடுக்கும் நாளாகப் பார்த்து வைப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது. பல்லாயிரம் பேர் சத்தமில்லாமல் வரிசையில் நிற்பதையும், பணப் பைகள் குவிந்து கிடப்பதையும், சோற்றுத் தட்டுகளைக் கண்டதும் படைவீரர்கள் பாய்ந்து ஓடுவதையும் தூதர் பார்க்க வேண்டும். வீரர்கள் சாப்பாட்டைத் தொடாமல் நின்றால் அவர்களுக்கு ஏதோ குறை என்று பொருள், தூதர் முன்னால் அப்படி நடந்தால் பெரிய அவமானம். கொண்டுவந்த பரிசு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், இந்தக் காட்சிக்குப் பின் கொடுத்தவருக்கே அது சிறுத்துத் தெரியும். திட்டமிட்ட வேலை.

இடப்பக்கம் குப்பெஆல்தி, அதாவது மந்திரிசபை மண்டபம். தூதருக்கு உணவு இங்கே, தலைமை வஜீரோடு. மேலே சுவரில் தங்க முலாம் பூசிய கம்பி வலைச் சாளரம் தெரியும். சுல்தான் அதன் பின்னால் இருந்து பார்க்கலாம். இருக்கிறாரா இல்லையா என்பது கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது.

சாப்பாடு முடிந்ததும் ஹில்அத் எனப்படும் மரியாதை அங்கி. பட்டில் தங்க, வெள்ளிச் சரிகை ஓடும் நெசவு. தூதர் தன் நாட்டு உடைக்கு மேலேயே அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். அதாவது சுல்தானைச் சந்திக்கும்போது அவர் உடம்பில் இருப்பது சுல்தான் கொடுத்த துணி. தூதரின் ஆட்களில் எத்தனை பேருக்கு அங்கி, எந்தத் தரத்தில் என்பதற்கு முன்கூட்டியே பேரம் நடக்கும். போன தூதருக்குக் கிடைத்ததைவிட ஒன்று குறைந்தாலும் ஊருக்குக் கடிதம் பறக்கும். அருங்காட்சியகத்தில் இந்த அங்கிகளைப் பார்க்கும்போது கைகளின் நீளத்தைக் கவனியுங்கள். சிலவற்றில் சட்டைக் கை தரைவரை தொங்கும். அதில் வேலை செய்ய முடியாது, நிற்கத்தான் முடியும்.

வலப்பக்கம் சமையல் கட்டடங்கள். சீனப் பீங்கான் 10,000க்கு மேல் இருக்கிறது, உலகின் மிகப் பெரிய தொகுப்புகளில் ஒன்று. பரிசாக வந்தது, போரில் எடுத்தது, செத்துப்போன அதிகாரிகளின் சொத்திலிருந்து பறிமுதல் செய்தது எல்லாம் கலந்தது. பச்சை நிறச் செலடான் தட்டுகளுக்குத் தனி மதிப்பு: நஞ்சு பட்டால் காட்டிக்கொடுக்கும் என்று நம்பினார்கள். காட்டாது.

வியாழன்: மூன்றாம் முற்றம்

பாபுஸ்ஸஆதே வாசலைத் தாண்டியவுடன் முகத்தில் இடிப்பது போல நிற்கிறது அர்ஸ் ஓடாசி, சந்திப்பு அறை. எல்லாரும் இதைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். இந்தப் பயணத்திலேயே முக்கியமான கட்டடம் இதுதான்.

முகப்பில் இரண்டு கதவுகள், நடுவில் பெரிய சாளரம். இடப்பக்கக் கதவின் பெயர் பிஷ்கேஷ் கதவு. நம் பாளையக்காரர்கள் ஆற்காட்டு நவாபுக்குக் கட்டிய பேஷ்குஷ்தான் இந்தப் பிஷ்கேஷும். கீழே உள்ளவர் மேலே உள்ளவருக்குத் தருவது. கதவின் மேல் உள்ள கல்வெட்டு 1810ஆம் ஆண்டுடையது, இரண்டாம் மஹ்மூத் காலம். பரிசுப் பொருள்களை நடுச் சாளரத்தின் முன் கொண்டுவந்து காட்டுவார்கள். பட்டுச் சுருளையும் வெள்ளிக் கோப்பையையும் வாசற்காவலர்கள் தனித்தனியாக ஏந்திச் செல்வார்கள். சுல்தான் உள்ளிருந்தபடியே ஒரு பார்வை பார்ப்பார். கையால் தொடுவதில்லை, பேசுவதும் பெரும்பாலும் இல்லை. தூதரை இருபுறமும் காவலர்கள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய், அங்கியின் ஓரத்தை முத்தமிட வைத்து, பின்பக்கமாகவே நடத்தி வெளியே விடுவார்கள். மாதக்கணக்கில் பயணம், பேச்சோ சில நிமிடம்.

உள்ளே உள்ள விதான அரியணை 1596இல் மூன்றாம் மெஹ்மத் செய்வித்தது. வாசலருகே ஒரு சிறு நீரூற்று. உள்ளே பேசுவது வெளியே கேட்காமலிருக்கத் தண்ணீர்ச் சத்தம்.

டாலமின் ஆர்கன் இந்தச் சாளரத்தின் வழியே காட்டக்கூடியது அல்ல. அரண்மனையின் வேறொரு கூடத்தில் நிறுத்தி, 1599 செப்டம்பர் 25 அன்று சுல்தான் முன் ஓடவிட்டார்கள். 22 மணி அடித்தது, மணிகள் இசைத்தன, பொம்மைகள் வெள்ளி எக்காளத்தைத் தூக்கி ஊதின, பறவைகள் சிறகை அசைத்தன. மறுபடி நடக்குமா என்று கேட்டார் சுல்தான். அடுத்த மணிவரை காத்திருக்க வேண்டும் என்றார்கள், காத்திருந்தார். பின்பு கட்டைகள் தானாக அசைவதைப் பார்த்து, இதைக் கையால் வாசிக்க யாருக்காவது தெரியுமா என்றார். டாலம் கொண்டுவரப்பட்டார். சுல்தானுக்கு முதுகைக் காட்டி உட்காருவது எவ்வளவு ஆபத்தென்று அவருக்குத் தெரியும், ஆனால் ஆர்கனை வேறு எப்படியும் வாசிக்க முடியாது. சுல்தான் மிக அருகில் உட்கார்ந்திருந்ததால் எழும்போது டாலமை இடித்தார்; வாளை உருவுகிறார் என்றே டாலம் நினைத்தாராம். கிடைத்தது 45 பொற்காசு. இங்கேயே தங்கிவிடு என்ற வற்புறுத்தலுக்கு, இல்லாத மனைவி மக்களைச் சொல்லித் தப்பினார். ஊர் திரும்பிக் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்கு ஆர்கன் கட்டியவரும் அவரே.

ஆர்கன் இன்று இல்லை. அடுத்த சுல்தான் முதலாம் அகமது உடைக்கச் சொன்னார் என்பதுதான் பரவலான செய்தி.

மற்றப் பரிசுகள் சாளரத்தைக் கடந்ததும் ஏட்டில் ஏறும். கொடுத்தவர், பொருள், எண்ணிக்கை, மதிப்பு. அதன்பின் பிரிவினை. துணிகள் மீண்டும் பரிசாக வெளியே போகும். வெள்ளியில் பெரும்பகுதி நாணயச் சாலையில் உருகும். ஐரோப்பியப் பொற்கொல்லரின் நகாசு வேலைக்கு அங்கே எடை மதிப்பு மட்டும்தான். உஸ்மானியர் வாங்கிய ஐரோப்பிய வெள்ளி இத்தனை குறைவாக மிஞ்சியிருப்பதற்கும், ரஷ்ய ஜார்களுக்குப் போன ஆங்கில வெள்ளி கிரெம்ளினில் இன்னும் வரிசையாக நிற்பதற்கும் இதுதான் வேறுபாடு. கடிகாரங்கள் தப்பித்தன, இதே முற்றத்தில் அவற்றுக்கென்று ஓர் அறை உண்டு.

கருவூலம் புதுப்பிப்புக்காகப் பல ஆண்டுகள் பகுதி பகுதியாகத் திறந்து மூடியது. வருமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். குத்துவாளின் பிடியில் மூன்று பெரிய மரகதங்கள்; உச்சியில் உள்ள மரகத மூடியைத் திறந்தால் லண்டனில் செய்த சிறு கடிகாரம். 1746இல் ஈரானோடு சமாதானம் ஆனதும், சுல்தான் முதலாம் மஹ்மூத் நாதிர் ஷாவுக்கென்று அனுப்பிய பொருள்களில் ஒன்று. 1747 ஜூனில் நாதிர் ஷா தன் ஆட்களாலேயே கொல்லப்பட்டார். செய்தி வழியிலேயே எட்டியதும் தூதர் பரிசுகளோடு திரும்பிவிட்டார். பெறுபவர் இல்லாத பரிசு கொடுத்தவருக்கே சேரும். போய்ச் சேர்ந்திருந்தால் இன்று பிரித்து விற்ற கல்லாகத்தான் எங்காவது இருந்திருக்கும்.

எதிர்த்திசையில் நாதிர் ஷா அனுப்பியது மட்டும் தங்கிவிட்டது. சிவப்பும் பச்சையும் இழைத்த எனாமலில் மரகதம், மாணிக்கம், முத்து பதித்த அரியணை. 1514இல் சால்திரான் போரில் ஈரானின் ஷா இஸ்மாயிலிடம் பறித்தது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். வேலைப்பாடு இந்தியாவுடையது, 1739இல் டெல்லியில் அடித்த கொள்ளையை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்க வேண்டும்.

போய்ச் சேராதவற்றில் தென்னிந்தியாவுக்கும் ஒரு வரி உண்டு. 1786இல் திப்பு சுல்தான் இஸ்தான்புல்லுக்குத் தூதுக் குழு அனுப்பினார். கப்பலில் யானைகளும் இருந்தன. ஒன்றுகூட வந்து சேரவில்லை.

வெள்ளி: எடிர்னே

எசென்லர் நிலையத்திலிருந்து பேருந்து, ஏறத்தாழ 240 கிலோமீட்டர், மூன்று மணிநேரத்துக்குள். எல்லாரும் செலிமியே மசூதிக்குப் போகிறார்கள், போகத்தான் வேண்டும். நம் இடம் அங்கிருந்து அரை மணி நடையில் துன்ஜா ஆற்றுக்கு அப்பால் உள்ள சராயிச்சி. சுலைமான் காலத்துப் பாலத்தைத் தாண்டினால் அரண்மனைக் கட்டடக் கலைஞர் சினான் கட்டிய நீதிமாடம் முழுசாக நிற்கிறது. அரண்மனையின் பெரும்பகுதி 1877-78 ரஷ்யப் போரில், உள்ளே வைத்திருந்த வெடிமருந்தோடு சிதறிவிட்டது. மிச்சம் சில சுவர்கள், ஒரு குளியல் மாடம், சமையற்கட்டு. அடுத்த பக்கம் எண்ணெய் மல்யுத்த அரங்கம்.

1568 பிப்ரவரியில் சுல்தான் இரண்டாம் செலிம் இங்கே இருந்தார். ஈரானின் ஷா தஹ்மாஸ்ப் அனுப்பிய தூதர் ஷாகுலி, எரெவான் ஆளுநர், ஒட்டக வரிசையோடு வந்து சேர்ந்தார். சுலைமானின் மறைவுக்கு இரங்கல், செலிமுக்கு வாழ்த்து, 1555 அமாசியா சமாதானம் நீடிக்கட்டும் என்ற வேண்டுதல். அதே மாதம் ஹாப்ஸ்பர்க் தூதர்களும் உடன்படிக்கை எழுத எடிர்னேயில் காத்திருந்தார்கள். பார்வையாளர்கள் தயாராக இருக்கும்போது பரிசு வருவது கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் நல்லது.

அந்த ஒட்டகங்களில் ஒன்றின் மேல் தஹ்மாஸ்பின் ஷாநாமா இருந்தது, பாரசீக அரசர்களின் கதையைச் சொல்லும் காவியத்தின் ஓவியப் பிரதி. 759 ஏடுகள், 258 ஓவியங்கள், ஒவ்வொரு பக்கமும் சுமார் 47க்கு 32 சென்டிமீட்டர். தப்ரீஸ் பட்டறையில் 1520களில் தொடங்கி ஏறக்குறைய இருபது வருடம் நடந்த வேலை. இவ்வளவு பெரியதை ஒருவர் எப்படிக் கொடுத்தார் என்று கேட்பார்கள். ஓவியத்தில் தஹ்மாஸ்பின் மனம் விட்டுப்போய் வெகுநாள் ஆகியிருந்தது. 1550களில் கலைகளை விலக்கிவைக்கும் பாவமன்னிப்பு ஆணை பிறப்பித்தவர் அவர். தனக்குத் தேவை குறைந்ததும் எதிரிக்கு மதிப்புக் குறையாததுமான பொருளைவிட நல்ல பரிசு கிடையாது.

காகிதத்தையும் நிறத்தையும் காக்க நூலைப் பெரும்பாலும் மூடியே வைத்தார்கள். நன்மை அதுதான்: 400 வருடப் பழைய வண்ணம் மங்கவில்லை. 1800 வாக்கில் கருவூலத்தில் பணியாற்றிய மெஹ்மத் ஆரிஃப் ஒவ்வொரு ஓவியத்தையும் மூடிய காப்புத் தாளில் அதன் கதையைத் துருக்கியில் எழுதிவைத்தார். அதன்பின் நூல் எப்படியோ வெளியேறி, 1903இல் பாரிஸில் எட்மண்ட் டி ரோத்ஷில்டிடம் இருந்தது. 1959இல் அமெரிக்கர் ஆர்தர் ஹௌட்டன் வாங்கி, ஏடுகளைப் பிரித்தார். 78 ஓவியங்கள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் போயின. மற்றவற்றில் சில 1976 முதல் ஏலத்தில் விற்கப்பட்டன. தனி ஏடு ஒன்று 2011இல் லண்டனில் 70 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. எஞ்சிய 118 ஓவியங்களை 1994இல் ஈரான் பெற்றுக்கொண்டது, ஆனால் பணம் கொடுக்கவில்லை. புரட்சிக்கு முன் வாங்கி, அதன்பின் காட்ட முடியாமல் கிடங்கில் கிடந்த வில்லெம் டி கூனிங்கின் பெண் ஓவியம் ஒன்றைக் கொடுத்தது. கைமாற்றம் நடந்தது வியன்னா விமான நிலையத்தில், இரண்டு தரப்பும் சரிபார்த்தபின்.